புத்தகம் முடிகிற இடம்

அத்தியாயம் 11

சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஞானமதி ஒரு பெயரைச் சொன்னாள், ஆய்ந்துகொண்டிருந்த கீரையை சந்திரகாந்தா அப்படியே முறத்தில் போட்டுவிட்டாள் என்கிற இடத்தில் சென்ற வாரம் உங்களை நிறுத்திவைத்தேன். அது யார் பெயர் என்று உங்களில் பாதிப் பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். சுமதிகுமார்தான். சந்திரகாந்தாவின் கணவர்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருக்கும் வீரசேன நயினாரின் மூத்த மகள் சந்திரகாந்தா. ஆறு வருஷமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள். முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு தபால் கார்டில் செஸ் ஆடுகிறாள். அவளுடைய தம்பி மனைவி ஞானமதி, விழுப்புரத்தில் சீனுவாசன் என்பவர் புதிதாகத் திறந்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறாள். அங்கே உள்ள ஒரே மெஷினுக்கு, சம்பளத்தில் சேராத வேலையாக, செஸ் ஆடவும் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னிலையில் அந்த மெஷினும் ஒரு மனிதரும் ஆடப்போகிறார்கள். மெஷின் மானமாக ஆடினால் பிள்ளைகளைச் சேர்க்கக் கூட்டம் வரும், சென்டர் பிழைக்கும். அசடு வழிந்தால் திங்கட்கிழமையே மெஷினை மெட்ராசுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு அங்கே ஜெராக்ஸ் கடை வைக்கப்போவதாக சீனுவாசன் சொல்லிவிட்டார். “சென்டர் இருக்கிற வரைக்கும் போயிட்டு வாம்மா” என்பதுதான் ஞானமதிக்கு மாமனார் கொடுத்திருக்கும் அனுமதி. அதற்கப்புறம் அடுப்படிதான்.

மெஷினோடு ஆடப்போகும் மனிதர், விழுப்புரத்தில் பேங்க்கில் வேலை பார்க்கும் சுமதிகுமார்.

இன்று சனிக்கிழமை. சந்திரகாந்தா பொழுது விடிவதற்குள் குளித்துவிட்டு, கோயிலுக்குப் போய் வந்து, தலையை வாரிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு தரம் அந்தப் பக்கமாக நடந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊருக்குப் போகிறவளைப் போலப் புறப்படும் சந்திரகாந்தாவைப் பார்த்து அவர்களுக்கு ரொம்ப நாளாகிவிட்டது.

கடைசியில் வீரசேன நயினாரே வந்தார்.

“விழுப்புரம் போறியாமே?”

“ஆமாம்பா. ஞானத்துகூட. மெஷினுக்கு நான் எழுதிக் குடுத்ததை அது சரியா ஆடுதான்னு இன்னிக்கு ஒத்திகை பார்க்கணும்.”

“எதிர்ல உக்காரப்போறது யாருன்னு தெரியுமில்ல?”

“தெரிஞ்சதாலதான் போறேன்.”

“அந்த மெஷினை உட்டு அவரை வெட்டப்போறியா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சமண வீடு. வெண்டைக்காயைக்கூட அங்கே வெட்டமாட்டார்கள், திருத்துவார்கள். செஸ் பலகையிலும் ‘வெட்டினேன்’ என்று யாரும் சொல்லக் கூடாது, ‘எடுத்துக்கினேன்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டவரே அவர்தான். சந்திரகாந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்க நினைத்ததை விழுங்கிக்கொண்டு அவர் மண்டிக்குப் போய்விட்டார்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஞானமதி ஜன்னலோரத்தை அண்ணிக்கு விட்டுக்கொடுத்தாள். இருபத்துமூன்று வயது. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு மெட்ராசில் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுவாரமே நாத்தனாரின் தபால் கார்டுகளைப் பார்த்துவிட்டு, “அண்ணி, இதெல்லாம் உங்க தலைக்குள்ளவே இருக்குதா?” என்று வாயைப் பிளந்தவள். அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டு.

கூட்டு எப்படியென்றால், மெஷினுக்குக் கணக்குப் போடத் தெரியும். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது பலகையில் கணக்குப் போட ஒன்றும் இருக்காது. எல்லாக் காயும் வீட்டிலேயே இருக்கும். அந்த நேரத்தில் யோசிக்கச் சொன்னால் மெஷின் திருதிருவென்று விழிக்கும். அதனால் ஆரம்ப மூவ்களை விவரம் தெரிந்த ஒருவர் எழுதி உள்ளே போட்டுவிடவேண்டும். அவன் இப்படி வைத்தால் நீ இப்படி வை, அப்படி வைத்தால் அப்படி வை என்று கிளை கிளையாக. அதற்கு ஓபனிங் புக் என்று பெயர். புக் இருக்கிறவரை மெஷின் யோசிக்காது, பார்த்து ஆடும். புக் முடிந்ததும் சொந்த மூளை.

யோசிக்கிற பாகம் ஞானமதியுடையது. புக் சந்திரகாந்தாவுடையது.

“அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா?” என்றாள் ஞானமதி, விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது. “அவருக்கு உங்களை மாதிரி ஆட வருமா?”

“வரும். எனக்குக் கத்துக்குடுத்ததே அவருதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் ஜெயிச்சிட்டேன்.” சந்திரகாந்தா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “பேங்க்லேர்ந்து நாலு பேரு வீட்டுக்கு வந்திருந்தாங்க. என் சம்சாரம்கூட நல்லா ஆடுவான்னு இவரே சொல்லி உக்காரவெச்சாரு. நான் ஒரு சிப்பாயை விட்டுக்குடுத்தேன். தெரியாம விட்டுட்டேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. கொஞ்ச நேரத்துல இவரு ராஜாவுக்கு ஓட இடமில்ல. அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் பலகை பீரோ மேல ஏறிடுச்சு.”

“கோவிச்சுக்கினாரா?”

“கோவிச்சிருந்தா பரவாயில்லையே! ஒரு வார்த்தை சொல்லல. அன்னிலேர்ந்து என்கூட ஆடல, அவ்வளவுதான். ஒரு மூவ் போடச் சொல்லிக் கேட்டேன், கெஞ்சினேன். தலை வலிக்குதும்பாரு. அப்புறம் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா அதே மாதிரி ஆயிடுச்சு. அம்மா காரியத்துக்கு இங்க வந்தேன். போகல. கூப்பிடவும் யாரும் வரல.”

ஒரு பலகைக்காகவா ஒருத்தி வாழாமல் வருவாள் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பலகைக்காக யாரும் வரமாட்டார்கள். பலகையோடு சேர்த்துத் தன்னையும் பீரோ மேலே ஏற்றிவிட்டார் என்று தெரிந்தால் வருவார்கள்.

சென்டர், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடியில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏசி குளிர். சந்திரகாந்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெஷினைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பின்பக்கம் குனிந்து பார்த்தாள். தன்னுடைய மூன்று மாத வேலை எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். ஞானமதி உறையிலிருந்து கறுப்பாக ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக் காட்டினாள். அதை வாங்கிப் பார்த்தாள். கனமே இல்லை.

“உக்காருங்க அண்ணி. அவரு இடத்துல நீங்க ஆடுங்க.”

திரையில் பச்சை எழுத்தில் பலகை வந்தது. மெஷினுக்கு வெள்ளை. முதல் மூவ் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்தது. சந்திரகாந்தா பதில் சொன்னாள், ஞானமதி தட்டினாள். அடுத்ததும் உடனே வந்தது. அதற்கடுத்ததும்.

தன் மூவ்கள் தன்னை எதிர்த்து வருவதைப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதோ, சிப்பாயை விட்டுக்கொடுக்கும் இடம். செஸ்காரர்கள் அதைக் காம்பிட் என்பார்கள். ஒரு காயைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக நேரத்தை வாங்கிக்கொள்வது. மெஷின் தயங்காமல் கொடுத்தது. குதிரை வந்தது, மந்திரி வந்தது, ராணி வந்து சரியான மூலையில் நின்றது. சந்திரகாந்தாவின் கறுப்பு ராஜா நடுவீதியில் மாட்டிக்கொண்டு நின்றது. சுமதிகுமாரின் ராஜா அன்றைக்கு நின்றதும் அப்படித்தான்.

“இப்ப புக் முடிஞ்சிடுச்சு அண்ணி. இனிமே அதுவே யோசிக்கும்.”

இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். மெஷின் முனகியது. நெடுநேரம் கழித்து மூவ் வந்தது.

தாக்க நின்ற ராணி அத்தனையையும் விட்டுவிட்டுப் பலகையின் ஓரத்துக்குப் போய் அங்கே சும்மா கிடந்த ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டது.

“ஐயோ, எங்க போவுது இது!” சந்திரகாந்தா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “வாசல் கதவு தெறந்து கெடக்குது, இது கொல்லைப் பக்கம் போய் வெறவு பொறுக்கிக்கினு இருக்குதே!”

மறுபடி ஆடிப் பார்த்தார்கள். வேறு கிளையில் போனார்கள். எந்தக் கிளையானாலும் புக் முடிந்த அடுத்த நிமிஷம் மெஷினுக்குப் பைத்தியம் பிடித்தது. இழந்த சிப்பாய்க்கு ஈடாக இன்னொன்றைப் பொறுக்கிக்கொள்ளும்வரை அதற்குத் தூக்கம் வரவில்லை. அதற்குள் சந்திரகாந்தாவின் கறுப்புக் காய்கள் வந்து அதை மடக்கிவிட்டன.

ஞானமதியின் முகம் சுண்டிவிட்டது. திரையின் அடியில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினாள். “இதைப் பாருங்க. தான் எப்படி இருக்குறோம்னு மெஷின் நினைக்கிறதுக்கு இது அடையாளம். மேல போனா சந்தோஷம், கீழ போனா பயம். உங்க புக்குப்படி சிப்பாயை விட்டதும் கீழ போயிடுது. அதுக்கு எண்ணத்தான் தெரியும் அண்ணி. ஒண்ணு கொறஞ்சா தோத்துக்கினு இருக்கோம்னு நினைச்சுக்குது.”

“ராஜாவைச் சுத்தி நாம எவ்வளவு பேரு நிக்கிறோம்னு சொல்லிக்குடு.”

“சொல்லிப் பார்த்தேன். அதையும் சேர்த்து யோசிச்சா ஒவ்வொரு மூவுக்கும் ரொம்ப நேரம் எடுத்துக்குது. கடிகாரத்துலயே தோத்துடும். இந்த மெஷினுக்கு அவ்வளவுதான் சக்தி.”

சந்திரகாந்தாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று மாதம்! ஒவ்வொரு கிளையையும் சோற்றை மறந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இப்படியொரு அற்ப மெஷினுக்கா எழுதினோம் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் சுருக்கென்றது. மெஷினுக்கு அவள் எப்போது எழுதினாள்? பெயர் தெரிவதற்கு முன்பே மனசுக்குள் சுமதிகுமாருக்கு எதிராக அல்லவா எழுதினாள்? எந்த இடத்தில் அவர் முகம் சிவக்கும், எந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். அதை ஆடப்போகிற மெஷினுக்கு என்ன வரும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

“எனக்கும் இதைத்தான் பண்ணாங்க ஞானம்,” என்றாள்.

“என்ன அண்ணி?”

“ஜாதகம் பார்த்தாங்க, நாள் பார்த்தாங்க. எந்தக் காலை முதல்ல எடுத்து வெக்கணும், எந்தப் பக்கம் உக்காரணும், எல்லாம் சொல்லிக்குடுத்தாங்க. அந்த வீட்டுக் கதவைச் சாத்தினதும் எல்லாரும் பஸ் ஏறிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு ஒருத்தரும் சொல்லல. எனக்கு என்ன வரும், என்ன வராதுன்னு யாராச்சும் கேட்டாங்களா? இப்ப நானும் இதுகிட்ட கேக்கல.”

ஞானமதி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏசி குளிரில் இரண்டு கையும் சில்லிட்டிருந்தன.

பிறகு சந்திரகாந்தா புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“சரி. இதுக்கு எது புடிக்கும்? அதைச் சொல்லு.”

“தெரியாதே அண்ணி. நான் எழுதினதுதான், ஆனா எனக்கே தெரியாது.”

“அப்போ கேட்டுப் பார்ப்போம்.”

அன்று மத்தியானம் முழுக்க அவர்கள் செய்ததை ஒரு பெண் பார்க்கும் சடங்கு என்றே சொல்லலாம். மெஷினை விதவிதமான நிலைகளில் உட்காரவைத்து அதன் முகத்தைப் பார்த்தார்கள். நெருக்கடியான இடம் கொடுத்தால் விழித்தது. அடைத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னால் பொறுமையில்லாமல் ஒரே யானையை முன்னும் பின்னும் நகர்த்தியது. ராணிக்கு ராணி மாற்றி இரண்டும் பலகையை விட்டுப் போய், நடுவீதி திறந்து கிடந்து, காய்கள் ஓட இடமிருந்தால் மட்டும் அடியில் இருந்த எண் மெல்ல மேலே ஏறியது. மூவ்களும் சரியாக வந்தன. ஒரு தரம் சந்திரகாந்தாவின் குதிரையையே சத்தமில்லாமல் மடக்கி எடுத்துக்கொண்டது.

“அட, கெட்டிக்காரிதான்!” என்று அவள் திரையைத் தட்டிக்கொடுத்தாள். அதுவரை ‘அது இது’ என்றவள் அதற்கப்புறம் ‘இவள்’ என்றே சொன்னாள்.

“அண்ணி, இன்னொண்ணு,” என்றாள் ஞானமதி, குரலில் பரபரப்போடு. “எல்லாக் கிளையும் ஒரே இடத்துல முடியணும்னு ஏன் வெச்சுக்கினு இருந்தோம்? எந்த இடத்துல இவ எண் மேல ஏறுதோ, அங்க புக்கை நிறுத்திடலாமே!”

“அதேதான்! இவ சந்தோஷமா இருக்குற இடத்துல கையை விடணும். அது தெரியாம ஆத்துக்கு நடுவுல விட்டுட்டோம்.”

புதிய புக்குக்கு எந்த ஆட்டத்தை எடுப்பது என்று சந்திரகாந்தா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சீக்கிரமே ராணிக்கு ராணி மாற்றிக்கொண்டு, யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காமல், அமைதியாக நடக்கும் ஆட்டம் ஒன்று அவளுக்கு மனப்பாடம். சுமதிகுமார் ஆடும் ஆட்டம். புதுக் கல்யாணமான நாட்களில் சாயங்காலங்களில் எதிரே உட்கார்ந்து அதைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சளசளவென்று பேசாத மனிதர் ஆடும் சளசளப்பில்லாத ஆட்டம். வேண்டாம் என்று தலைமுழுகியிருந்தாள்.

அவரைக் கண்ணீர் விடவைக்கவேண்டும் என்றுதானே கிளம்பி வந்தது? அவருடைய ஆட்டத்தையே அவர் முன்னால் வைத்தால் அதில் என்ன பழி தீரும்? காம்பிட்டை ஒரே ஒரு கிளையிலாவது வைத்துக்கொள்ளலாமா என்று ஆசை இழுத்தது. பக்கத்தில் ஞானமதி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மூவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை இந்த நாற்காலி இவளுக்கு இருக்குமா என்பது அந்தக் கிளையில் தொங்கியது.

“காம்பிட்டு எல்லாத்தையும் எடுத்துடு,” என்றாள் சந்திரகாந்தா.

“எல்லாத்தையுமா? உங்களோட அந்த…”

“அது என்னோட ஆட்டம். இவளோடது இல்ல.”

சொல்லிவிட்டாளே தவிர, ஞானமதி ஒவ்வொன்றாக அழித்தபோது அவளால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். பழைய ஃப்ளாப்பி உறைக்குள் போனது. புதியது மெஷினுக்குள் போனது.

சாயங்காலம் டப்பாவில் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், அதற்கப்புறம் சமண வழக்கப்படி அந்த வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் போடமாட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் ஒரு ஆட்டம் ஆடினார்கள். புக் முடிந்த இடத்தில் மெஷின் கொஞ்சமும் தடுமாறாமல் தன் வழியே நடந்து போனது. நாலு மூவ் கழித்து, புக் எங்கே முடிந்தது என்று சந்திரகாந்தாவுக்கே சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜெயித்த சந்தோஷத்தைவிட அது பெரிதாக இருந்தது.

அப்போதுதான் மாடிப்படியில் சீனுவாசன் குரல் கேட்டது.

“வாங்க சார், வாங்க! நாளைக்குக் கூட்டத்துல பேஜாரா இருக்கும். இப்பவே ஜல்தியா ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்துடுங்க. மேடம் உள்ளதான் இருக்காங்க.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சுமதிகுமார் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். முன்தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள்.

ஞானமதி பதறிப்போய் அவள் காதருகில் குனிந்தாள். “அண்ணி, இப்ப இவரு ஆடினா புது புக்கு பூரா தெரிஞ்சுபோயிடும்! பழைய ஃப்ளாப்பியைப் போட்டுடறேன். காம்பிட்டுதான் வருதுன்னு நினைச்சுக்கினு ராத்திரி பூரா அதுக்கே தயார் பண்ணுவாரு. நாளைக்கு நாம புதுசைப் போட்டுக்கலாம். நீங்க அந்தத் தடுப்புக்குப் பின்னால போயிடுங்க. யாருக்கும் தெரியாது.”

நல்ல யோசனைதான். அப்படிச் செய்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். சந்திரகாந்தாவும் ஒரு நொடி தடுப்பின் பக்கம் திரும்பத்தான் செய்தாள். பிறகு ஃப்ளாப்பியை எடுக்கப்போன ஞானமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் ஞானம். இந்த ஆட்டத்துல எனக்குப் புடிச்சதே, எல்லாம் கண்ணுக்கு எதிர்ல இருக்குறதுதான். ஒளிச்சுவெக்க ஒண்ணுமில்ல. அதுல போய் நாம பொய் சேர்க்க வேணாம்.”

“அப்ப என்ன பண்றது?”

சந்திரகாந்தா நடந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

“நாளைக்குத்தான் ஆட்டம். இன்னிக்குக் காட்ட முடியாதுங்க,” என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு கணவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாக இருக்கும் என்று அவள் எதிர்பார்த்ததே இல்லை.

சுமதிகுமார் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். “சந்திரா? நீ எங்க இங்க?”

“இதோட புக்கு நான் எழுதினது. இப்ப நீங்க ஆடினா நாளைக்கு வர்றது எல்லாம் தெரிஞ்சுபோயிடும். என் தம்பி சம்சாரத்தோட வேலை இதுல இருக்குது.”

சீனுவாசன் கையைப் பிசைந்தார். “ஐயோ மேடம், சார் சும்மா பார்க்கணும்னுதான்…”

“இல்ல சீனுவாசன், அவங்க சொல்றதுதான் நியாயம்.” சுமதிகுமார் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்போ நாளைக்கு நான் யார்கிட்ட ஆடப்போறேன்? மெஷின்கிட்டயா, உங்கிட்டயா?”

“புக்கு முடியற வரைக்கும் எங்கிட்ட. அதுக்கப்புறம் இவகிட்ட.” சந்திரகாந்தா கையை நீட்டி, கதவருகில் வந்து நின்ற ஞானமதியைக் காட்டினாள்.

அவர் ஞானமதியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். படியில் இரண்டு எட்டு இறங்கியவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று திரும்பினார்.

“புக்கு முடிஞ்சதும் நீ எழுந்து போயிடுவியா, இல்ல கடைசி வரைக்கும் இருப்பியா?”

குத்தலாகக் கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. எத்தனையோ பதில்களை எத்தனையோ நாள் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் குத்தலாகக் கேட்கவில்லை.

“தெரியல,” என்றாள்.

சுமதிகுமார் தலையை ஆட்டிக்கொண்டார். “நானும் அதைப் பார்க்கத்தான் வர்றேன்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.